அரைசென்டி கொடுத்த வாக்குமூலம்

முன்னாள் படைவீரர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு அவரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். பிறந்த தேதி, பணியில் சேர்ந்த தேதி, வாங்கிய பதக்கம், கடைசியில் 'எல்லோரிடமும் அன்பாகப் பழகியவர்' என்று ஒரு வரி. அவ்வளவு போதுமாம். அவர் எல்லோரிடமும் அன்பாகப் பழகியவர் இல்லை. பாதிப் பேருக்கு அவரைக் கண்டாலே ஆகாது. அதனால் எடுத்த எடுப்பிலேயே அந்த வரியை அடித்துவிட்டேன். அதற்குப் பிறகு எழுதியது இரண்டு பக்கத்தில் நிற்கவில்லை. இதை அவர்கள் மலரில் போடமாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

எங்கள் படைப்பிரிவில் அவர் உடற்பயிற்சி ஆசிரியர், நான் அலுவலக எழுத்தர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் உடல்தகுதித் தேர்வு நடக்கும். முதலில் இடுப்பளவு. மூன்று நாள் கழித்து மைதானத்தை எட்டுச் சுற்று ஓட்டம். நாற்பதைத் தாண்டியவருக்கு இடுப்பு தொண்ணூற்றைந்து சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும், ஓட்டம் பதினெட்டரை நிமிடத்துக்குள் முடிய வேண்டும். ஒருமுறை தவறினால் எச்சரிக்கைக் கடிதம். அடுத்த முறையும் தவறினால் 'பணிக்குத் தகுதியற்றவர்' என்று மூட்டை கட்டி அனுப்பிவிடுவார்கள். பதினான்கு வருடம் அவர் அளந்தார், நான் எழுதினேன். அந்தக் கடிதங்களைத் தட்டச்சு செய்ததும் நான்தான்.

உணவுக்கூடத்துப் பொறுப்பாளர் ஒருவர் இருந்தார். அவருக்கு இடுப்பு தொண்ணூற்றைந்தரை வந்தது. "அரை சென்டிதானே, விட்டுடுங்க" என்று கெஞ்சினார். "அரை சென்டியும் சென்டிதான்" என்று சொல்லிவிட்டு இவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அன்றிலிருந்து படைப்பிரிவு முழுக்க இவருக்கு அரைசென்டி என்றே பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அவர் உணவுக்கூடத்துக்குள் நுழைந்தால் யாராவது ஒருத்தர் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கொஞ்சம் இடம் விட்டுக் காட்டுவார், மேசை முழுக்கச் சிரிப்பு பரவும். அவருக்குத் தெரியும். தட்டை எடுத்துக்கொண்டு போய் ஓரமாக உட்கார்ந்துவிடுவார்.

துணி நாடா இழுக்க இழுக்க நீளும் என்பது அவருக்கு ஓயாத கவலை. தேர்வு நாள் காலையில் இரும்பு அளவுகோலின் மேல் நாடாவை விரித்து ஒவ்வொரு பத்து சென்டிமீட்டராகச் சரிபார்ப்பார். என்னையும் பார்க்கச் சொல்வார். 'நாடா சரி' என்று நான் ஒரு தாளில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வேலையைத் தொடங்குவார். இப்படிச் செய்யச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. எனக்கு எரிச்சலாக வரும். "இந்தாளு தங்கமா நிறுக்கப் போறாரு, தொந்திதானே" என்று எத்தனையோ நாள் முணுமுணுத்திருக்கிறேன். ஆளை மூச்சை வெளியே விடச் சொல்லி, தொப்புளுக்கு நேராக மூன்று முறை அளப்பார். மூன்றும் ஒத்துப்போனால்தான் எண்ணைச் சொல்வார். சொன்ன எண்ணை நான் எழுதியபின் திருப்பி வாசிக்க வேண்டும்.

இப்படிப்பட்ட மனிதரிடம் இன்னொரு பக்கமும் இருந்தது. அவர் இளவயதில் படை அணிக்காகக் குத்துச்சண்டை போட்டவர். எடை பார்க்கிற நாளுக்கு முன்னால் உடம்பிலிருந்து தண்ணீரைப் பிழிந்து எடுக்கிற வித்தையெல்லாம் அவருக்கு அத்துப்படி. இடுப்பளவில் மாட்டிக்கொள்வோம் என்று பயந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக உபகரண அறைக்கு வந்து தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்கள். இவர் கதவைச் சாத்திவிட்டுச் சொல்லிக்கொடுப்பார். இரண்டு நாள் உப்பு கூடாது, தண்ணீர் கூடாது, வாயைக் கொப்பளித்துத் துப்பலாம். வயிற்றில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன் மேல் ரப்பர் சட்டையைப் போட்டுக்கொண்டு வெயிலில் நடக்க வேண்டும். படைப்பிரிவில் இதற்குக் காயப்போடுவது என்று பெயர். "என்னப்பா, துவைச்சாச்சா, காயப்போட்டாச்சா?" என்று ஒருவரையொருவர் கிண்டல் செய்வார்கள். அதிகாரிகளுக்கும் தெரியும், தெரியாததுபோல இருப்பார்கள். அளவு முடிந்ததும் ஓட்டத்துக்கு மூன்று நாள் இருக்கும். அதற்குள் குடிக்க வேண்டியதைக் குடித்து, தின்ன வேண்டியதைத் தின்று ஆள் பழையபடி ஆகிவிடுவார். எண்ணும் பொய்யில்லை, ஆளுக்கும் வேலை போகாது. இதில் தப்பு இருப்பதாக அவருக்குத் தோன்றியதே இல்லை. எனக்கும் தோன்றவில்லை.

அந்த ரப்பர் சட்டை அவருடைய குத்துச்சண்டைக் காலத்துச் சட்டை. கழுத்துப் பட்டையின் உள்பக்கத்தில் அவருடைய படை எண்ணை மையால் எழுதி வைத்திருந்தார்.

இப்போது பெரியவண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கனரக லாரி ஓட்டுநர், அதனால்தான் அந்தப் பெயர். இது நடப்பதற்கு இருபது வருடத்துக்கு முன் அரைசென்டியும் அவரும் ஒரே நாளில் படையில் சேர்ந்து, பயிற்சி முகாமில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்தவர்கள். அரைசென்டியை 'டா' போட்டுப் பேசக்கூடிய ஒரே ஆள் அவர்தான். நாள் முழுக்க இருக்கையில் உட்கார்ந்து ஓட்டுகிற வேலை, வயிறு வளராமல் என்ன செய்யும்? "நான் குண்டாகலடா, ஸ்டியரிங்தான் கிட்ட வந்துடுச்சு" என்பார். அவருடைய மனைவி குடியிருப்பில் எல்லோருக்கும் அக்கா. ஒரே மகள் படைவீரர் பிள்ளைகளுக்கான பள்ளியில் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு வேலை இருக்கும்வரைதான் அந்தப் பள்ளி, அந்த வீடு.

முந்தைய தேர்வில் பெரியவண்டிக்கு இடுப்பு தொண்ணூற்றேழு வந்தது. எச்சரிக்கைக் கடிதத்தை நான்தான் கையில் கொடுத்தேன். அடுத்ததும் போனால் ஆள் வெளியே. அரைசென்டி அவரைத் தினமும் காலையில் மைதானத்தில் ஓடவிட்டார். ஓட்டம் தேறிவிட்டது. பதினெட்டு நிமிடத்துக்குள்ளேயே வந்தார். வயிறு மட்டும் பிடிவாதமாக நின்றது. அளவுக்கு இரண்டு நாள் முன்பு உபகரண அறையில் நாடாவைச் சுற்றிப் பார்த்தபோது மறுபடியும் தொண்ணூற்றேழு. நானும் அங்கே இருந்தேன்.

பெரியவண்டியின் முகம் தொங்கிப்போனது. எனக்கு மனசு கேட்கவில்லை.

"அண்ணே, ரெண்டே ரெண்டு சென்டி. நீங்க எண்ணைச் சொல்லாதீங்க. பேசாம நில்லுங்க, நான் தொண்ணூத்தஞ்சுன்னு எழுதிக்கிறேன்" என்றேன்.

"எழுதுவ. நான் கையெழுத்துப் போடணும்ல?"

"ஒரே ஒரு தடவை அண்ணே. யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும் தம்பி. அன்னைக்கு அரை சென்டிக்கு ஒருத்தரை விழ வெச்சேன். இன்னைக்கு என் சிநேகிதன்னு ரெண்டு சென்டி விட்டா, அவரு மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

பெரியவண்டி குறுக்கே புகுந்தார். "அவனை விடுங்க தம்பி. அவன் பொண்டாட்டி இடுப்பையே மூணு தடவை அளந்துதான் கல்யாணம் பண்ணியிருப்பான். டேய், அந்தச் சட்டைய எடுடா."

அரைசென்டி அலமாரியைத் திறந்து ரப்பர் சட்டையை எடுத்துக் கொடுத்தார். இன்று நடுப்பகலிலிருந்து தண்ணீர் கிடையாது என்று சொன்னார். என் முன்னால்தான் சொன்னார்.

மறுநாள் பிற்பகல் தலைமையகத்திலிருந்து தொலைபேசி வந்தது. பெரிய அதிகாரி ஒருவர் அந்த வாரம் பார்வையிட வருகிறார், அதற்குள் எல்லாத் தேர்வையும் முடித்து முடிவை அனுப்ப வேண்டும். இடுப்பளவும் ஓட்டமும் நாளைக்கே, ஒரே நாளில். உத்தரவைத் தட்டச்சு செய்து அறிவிப்புப் பலகையில் குத்திவிட்டு, ஒரு பிரதியை அரைசென்டியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார்.

"அவன் நேத்துல இருந்து ஒரு சொட்டு குடிக்கலையே" என்றார்.

நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "அளவு எட்டு மணிக்கு. ஓட்டம் பத்தரைக்குத்தான். நடுவுல ரெண்டரை மணி நேரம் இருக்கு அண்ணே. குடிச்சுட்டு ஓடிட மாட்டாரா?" என்றேன். மருத்துவம் படித்தவன் மாதிரி சொன்னேன். அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தலையாட்டினார். இப்போதே தண்ணீர் கொடுத்தால் அளவு போய்விடும், கொடுக்காவிட்டால் ஓட்டத்துக்கு என்ன ஆகுமோ. இரண்டில் முதலில் வருவதைத்தான் அவர் பார்த்தார். நானும் அதையேதான் பார்த்தேன்.

காலையில் பெரியவண்டி வரிசையில் வந்து நின்றபோது கண் குழி விழுந்து, உதடு வெடித்திருந்தது. மூன்று முறை அளந்தார். "தொண்ணூத்தி நாலரை" என்று அரைசென்டி சொன்னார். எழுதித் திருப்பி வாசித்தேன். வரிசையில் கைதட்டல். அரை சென்டி மிச்சம் வைத்துத் தேறியிருந்தார்.

அதன்பின் அவரை நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தோம். இரண்டு தம்ளர் மடக்மடக்கென்று குடித்தார், உடனே எல்லாம் வெளியே வந்துவிட்டது. மறுபடியும் கொடுத்தோம், மறுபடியும் வந்தது. பத்து மணிக்கு எழுந்து நிற்கும்போது கை சுவரைத் தேடியது.

"முடியலைன்னா விட்டுடுடா. உடம்பு சரியில்லைன்னு எழுதிக் கொடுத்துடலாம்" என்றார் அரைசென்டி.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். விதியெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். தேர்வு நாளில் மருத்துவ அனுமதியில்லாமல் விலகினால் தவறியதாகவே கருதப்படும் என்று விதி எண்ணோடு சொன்னேன். மருத்துவர் பெரிய அதிகாரியின் வருகைக்காகத் தலைமையகம் போயிருந்தார்.

"எட்டே சுத்துதானே. லாரியில போறாப்ல போயிட்டு வந்துடறேன்" என்று பெரியவண்டி கோட்டில் போய் நின்றார்.

அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. நான் மேசையில் உட்கார்ந்து ஒவ்வொருவர் பெயருக்கு நேராகவும் சுற்றுக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டிருந்தேன். அரைசென்டி கையில் ஸ்டாப்வாட்ச்சோடு கோட்டருகே நின்றார். ஐந்து சுற்று வரை பெரியவண்டி நடுக்கூட்டத்தில் ஓடினார். மற்றவர்கள் சட்டையெல்லாம் நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. ஆறாவது சுற்றில் எங்களைக் கடந்தபோது அவர் முகம் சிவந்து, சுத்தமாகக் காய்ந்திருந்தது. ஒரு துளி வியர்வை இல்லை. அவ்வளவு பெரிய உடம்பு அந்த வெயிலில் ஓடி வியர்க்கவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று பயிற்சி ஆசிரியருக்குத் தெரியாதா? அரைசென்டியின் கை விசிலைத் தொட்டது. பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். நேரம் நன்றாக இருந்தது. கையைக் கீழே இறக்கிவிட்டார். நான் ஆறாவது கோட்டைப் போட்டேன்.

எட்டாவது சுற்றில் கடைசி வளைவில் பெரியவண்டியின் கால் பின்னியது. "இன்னும் ஒரு நிமிஷம் இருக்குடா, வாடா, வந்துடுடா!" என்று அரைசென்டி தொண்டை கிழியக் கத்தினார். பெரியவண்டி நேராக வராமல் பக்கவாட்டில் புல்லுக்குள் நடந்தார், யாரோ கூப்பிட்டதுபோல. நாலு எட்டு வைத்து முகம் குப்புற விழுந்தார். கோட்டுக்கு நூறு மீட்டர்தான் இருக்கும். ஓடிப்போய்ப் புரட்டியபோது உடம்பு அடுப்புமேல் வைத்த பாத்திரம்போலக் கொதித்தது. ஆம்புலன்சில் அரைசென்டி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே போனார். மதியம் இரண்டு மணிக்கு மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. அரைசென்டியின் கழுத்தில் ஸ்டாப்வாட்ச் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் அதை நிறுத்தினேன்.

பத்தாம் நாள் விசாரணை. அலுவலகத்திலேயே ஒரு நீள மேசை, மூன்று அதிகாரிகள். வாக்குமூலங்களை எழுத என்னையே உட்காரவைத்தார்கள். படையின் பயிற்சியால் நேர்ந்த சாவு என்றால் அது பணியில் நேர்ந்த மரணம். மகள் படிப்பு முடிகிறவரை வீடும் பள்ளியும் உண்டு, வாசல் சுவரில் பெயர் பொறிப்பார்கள். அவராகவே ஏதோ செய்துகொண்டு செத்தார் என்றால் ஒன்றும் கிடையாது.

"அவர் ரெண்டு நாளா தண்ணி குடிக்கலைன்னு டாக்டர் சொல்றார். உங்களுக்குத் தெரியுமா?" என்று நடுவில் இருந்த அதிகாரி கேட்டார்.

அரைசென்டி விறைப்பாக நின்றார். அவருடைய மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் போய், வாரத்துக்கு இரண்டு முறை படை மருத்துவமனையில் இரத்தம் சுத்திகரித்துக்கொண்டிருந்தார்கள். இவருக்கு வேலை போனால் அந்த இயந்திரமும் போகும்.

"தெரியாது சார்" என்றார்.

"யாராவது அப்படிச் செய்யச் சொல்லிக் கொடுத்தாங்களா?"

"இல்ல சார்."

பதினான்கு வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்து நான் எழுதிய முதல் பொய் அது. அதிகாரி என் பக்கம் திரும்பி, "எழுத்தர், நீங்களும் மைதானத்துலதானே இருந்தீங்க. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்று கேட்டார். எனக்கு நோயாளி மனைவி யாரும் இல்லை. பயம் மட்டும்தான் இருந்தது. "தெரியாது சார்" என்று சொல்லி அதையும் நானே எழுதினேன். இருவரும் கையெழுத்துப் போட்டோம். 'இறந்தவரின் சொந்தக் கவனக்குறைவு' என்று முடிவாயிற்று. மூன்று மாதத்துக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதத்தையும் நான்தான் தட்டச்சு செய்தேன்.

வீட்டைக் காலி செய்த அன்று அக்கா உபகரண அறைக்கு வந்தார். வெளியே சாமான் ஏற்றிய வண்டி நின்றது. மகள் அதன் முன்னிருக்கையில் புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா கையில் துவைத்து மடித்த ரப்பர் சட்டை.

"இது உங்களோடது அண்ணா. அன்னைக்குக் காலையில கிளம்பும்போதே சொல்லிட்டுப் போனார், துவைச்சு வை, அவன்கிட்ட திருப்பிக் கொடுக்கணும்னு" என்றார்.

அரைசென்டி வாங்கிக்கொண்டார். அக்கா போகவில்லை.

"பிளாஸ்டிக் தாளைச் சுத்திவிட்டது நான்தான். தண்ணி கேட்டார். நீங்க வேணாம்னு சொல்லியிருக்கீங்கன்னு நான் கொடுக்கல. என்னை யாருமே கூப்பிட்டு விசாரிக்கலையே, ஏன்ணா?"

அவர் சட்டையின் மடிப்பை நீவிக்கொண்டு நின்றார். அக்கா ஒரு நிமிடம் காத்திருந்துவிட்டு வெளியே போய் வண்டியில் ஏறினார். எண் எழுதிய கழுத்துப் பட்டை மேலே தெரிகிற மாதிரித்தான் அந்தச் சட்டை மடிக்கப்பட்டிருந்தது. அதை அக்கா அதிகாரிகளிடம் கொண்டுபோய்க் காட்டியிருந்தால் கதையே வேறு. அவருக்கு அது தோன்றவில்லையா, தோன்றியும் செய்யவில்லையா என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் அலுவலகம் திறந்ததும் அரைசென்டி வந்து நின்றார். கையில் நான்காக மடித்த ஒரு தாள்.

"தம்பி, இதை மேல அனுப்பிடு."

அவருடைய கையெழுத்து அச்சுப்போல இருக்கும். இப்படி எழுதியிருந்தார்: 'இறந்தவரிடம் தண்ணீர் குடிக்க வேண்டாம் என்று சொன்னவன் நான். ரப்பர் சட்டை என்னுடையது. ஓட்டமும் அதே நாளில்தான் என்று தெரிந்த பிறகும் நான் தடுக்கவில்லை. ஆறாவது சுற்றில் அவர் முகத்தில் வியர்வை இல்லாததைப் பார்த்தேன். விசில் ஊதவில்லை. விசாரணையில் பொய் சொன்னேன். இவை எல்லாம் எழுத்தருக்கும் தெரியும்.'

"அண்ணிக்கு வைத்தியம்?" என்று கேட்டேன்.

"சொல்லிட்டேன். அவதான் எழுதச் சொன்னா."

"என் பேரையும் போட்டிருக்கீங்களே அண்ணே."

"நீயும் அங்கதானே இருந்த, தம்பி?" என்றார். குற்றம் சொல்கிற தொனியே இல்லை. நாடாவைப் பார்த்து எண்ணைச் சொல்கிற மாதிரி சொன்னார்.

அனுப்புகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். வந்து சேர்ந்ததற்கு முத்திரை குத்தித் தேதி போட வேண்டும். குத்தவில்லை. மேசையின் அடி இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். நாளைக்கு அனுப்பலாம் என்று அன்றைக்கு நினைத்தேன். ஒரு வாரம் போனபின் ஏன் தாமதம் என்று கேட்பார்களே என்று நினைத்தேன். ஒரு மாதம் போனபின் நினைப்பதை நிறுத்திவிட்டேன். இதைவிடக் கேவலமான காரணம் எதுவும் என்னிடம் இல்லை, நல்ல காரணமும் இல்லை.

அவர் ஒரு பையில் இரண்டு சட்டையும் பல்துலக்கும் பிரஷ்ஷும் எடுத்துவைத்துக்கொண்டு, கைது செய்ய வருவார்கள் என்று காத்திருந்தார். யாரும் வரவில்லை. நாடா பிடிக்கிற வேலை வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துக் கிடங்குக்குப் போனார். மாதம் ஒருமுறை என் மேசைக்கு வந்து, "பதில் வந்துதா தம்பி?" என்று கேட்பார். "இன்னும் வரல அண்ணே. மேல போனா அப்படித்தான், ஆற அமரத்தான் வரும்" என்பேன். நம்புவார். பொய் எண்ணைத் தொடாத மனிதருக்கு நான் சொல்வது பொய்யாக இருக்கும் என்று தோன்றவே இல்லை. இரண்டு வருடத்தில் அவர் மனைவி போய்ச் சேர்ந்தார். அடுத்த வருடம் இவர் ஓய்வு பெற்றார்.

ஓய்வுக்குப்பின் சொந்த ஊருக்குப் போகவில்லை. அக்காவும் மகளும் குடியேறிய ஊருக்கே போய், இரண்டு தெரு தள்ளி ஒற்றை அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்தார். ஏன் என்று தொலைபேசியில் கேட்டேன்.

"பதில் வந்தா உடனே போய்ச் சொல்லலாம்ல" என்றார்.

"இப்பவே போய் நீங்க எழுதிக் கொடுத்ததைச் சொல்லுங்களேன்."

"வெறுங்கையோட போய் என்னன்னு சொல்றது தம்பி? எழுதினேன்னு வாயால சொன்னா நம்புவாங்களா? அன்னைக்கு ஒரு பொய் சொன்னவன்தானே நான்."

போன மாதம் நுரையீரலில் சளி கட்டி மருத்துவமனையில் கிடந்தார். பார்க்கப் போனேன். இடுப்பு சுருங்கி, கட்டிலில் ஆள் இருக்கிற சுவடே தெரியவில்லை. மூச்சுக்கு நடுவே, "பதில்..." என்றார். "வந்துடும் அண்ணே" என்றேன். அந்தக் கட்டில் ஓரத்தில் நின்றும் நான் அதைத்தான் சொன்னேன். மூன்றாம் நாள் இறந்துவிட்டார். சாவுக்கு ஒன்பது பேர் வந்திருந்தோம். அக்கா வரவில்லை.

மலருக்கு எழுத உட்கார்ந்த பிறகுதான் இழுப்பறையிலிருந்து என்னோடு வீடு வந்து சேர்ந்திருந்த அந்தத் தாளைத் தேடி எடுத்தேன். மடிப்பில் கிழிந்திருந்தது. மறுநாள் பேருந்து பிடித்து அக்கா வீட்டுக்குப் போனேன். இப்போது ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் விரிப்புகளை மடிக்கிற வேலை பார்க்கிறார். மகள் அந்தப் பள்ளியை விட்டபின் பத்தாவதோடு நின்று, ஒரு மருந்துக் கடையில் இருக்கிறாள். தாளைக் கொடுத்தேன். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி, ஒவ்வொரு வரியாக உதட்டை அசைத்துப் படித்தார்.

"இது எப்ப எழுதினது?"

"நீங்க வீட்டைக் காலி பண்ணின மறுநாள் அக்கா. பதினோரு வருஷம் ஆச்சு."

"இத்தனை நாளா எங்க இருந்துச்சு?"

"என்கிட்ட."

அவர் திட்டுவார், அடித்தாலும் அடிப்பார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. தாளைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அந்தச் சட்டைய நான் வேணும்னேதான் அவர்கிட்ட கொடுத்தேன். அவரா போய்ச் சொல்லணும்னு. சொல்லவே இல்லைன்னு நினைச்சேன். இந்தத் தெருவுல எதிர்ல வருவார். நின்னு பார்ப்பார். நான் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போயிடுவேன். ஒரு நாள் மழையில நனைஞ்சுக்கிட்டு நிக்கிறார், குடையோட அவரைத் தாண்டிப் போனேன்." நிறுத்தினார். "போன மாசம் செத்துட்டார்னு சொன்னாங்க. ரெண்டு தெருதான். நான் போகலையே."

அப்போதுதான் அழுதார். புருஷன் செத்தபோதுகூட இப்படி அழுது நான் பார்த்ததில்லை. நான் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஆறுதல் சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, தாளை என் முன்னால் வைத்துப் பேனாவைக் கொடுத்தார். "வாங்கினதுக்குக் கையெழுத்து போடணும்ல? போடுங்க. படை அலுவலகத்துல நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்."

போட்டேன். எந்தத் தேதியைப் போடுவது என்று கேட்டேன்.

"இன்னைக்குத் தேதியைப் போடுங்க" என்றார்.

எழுதினேன். அவர் தாளை எடுத்து, சுவரில் தொங்கிய நாள்காட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்தார். சரியாக இருக்கிறது என்று தலையாட்டிவிட்டு, மகள் கடையிலிருந்து வருகிற நேரம், நீங்கள் கிளம்புங்கள் என்றார்.